பொழுதை இழந்த நிலம்: 'பொல்கென்' திரைப்படத்தில் கெய்ராங்கர் நுழைகழியும் சுற்றுலாப் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கெய்ராங்கர் நுழைகழி உல்லாசக் கப்பல்கள் பெருமளவில் வந்துசெல்லும் இடமாகும். அதனைக் களமாகக் கொண்டு ரோர் உத்தௌக் இயக்கிய 'பொல்கென்' (அலை, 2015) என்னும் பேரழிவுத் திரைப்படம், மலைச்சரிவால் எழும் பேரலை அவ்வூரை விழுங்குவதைக் கதையாக்குகிறது. சுற்றுலாப் பார்வை ஒரு நிலத்திலிருந்து அதன் காலத்தை நீக்கிவிடுகிறது என்பதையும், இத்திரைப்படம் அக்காலத்தை எந்த அளவிற்கு மீட்கிறது, எவ்விடத்தில் கைவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் இணைத்துக் கூறுவது இவ்வாய்வுக்கு ஒரு கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுழைகழி, சுற்றுலாப் பார்வை, பேரழிவுத் திரைப்படம், முதற்பொருள், விருந்தோம்பல், நார்வே திரைப்படம்

முன்னுரை

பனியாறுகள் மலையைக் குடைந்து ஆழப்படுத்திய பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உருவாகும் நீண்ட, குறுகிய நீர்ப்பரப்பே ஃபியோர்டு. தமிழில் இதற்கு 'நுழைகழி' என்னும் சொல் வழங்குகிறது. சொல் பொருத்தமானதே. ஆயினும் 'கழி' என்றவுடன் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது நெய்தல் நிலத்தின் ஆழமற்ற உப்பங்கழி. நார்வேயின் நுழைகழியோ அதற்கு நேர்மாறானது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005ஆம் ஆண்டு நேரொய்ஃபியோர்டுடன் சேர்த்துக் கெய்ராங்கர் இடம்பெற்றபோது, இவ்விரு நுழைகழிகளின் பாறைச் சுவர்கள் கடலிலிருந்து 1400 மீட்டர் வரை உயர்வதும், கடலுக்கடியில் 500 மீட்டர் வரை இறங்குவதும் அவற்றின் சிறப்புகளாகக் கூறப்பட்டன. மலையும் கடலும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் இடம் அது.

கெய்ராங்கர் சிற்றூரில் நிலையாக வாழ்வோர் சில நூற்றுவரே. கோடையில் ஒரே நாளில் அவ்வூர்த் துறைக்கு வரும் ஒரு பெருங்கப்பலில் இருப்போரின் எண்ணிக்கை அவ்வூர் மக்கள்தொகையைப் பன்மடங்கு விஞ்சும். 1869இல் முதல் பயணிக் கப்பல் அங்கு நுழைந்தது முதல் இன்றுவரை இந்த நிலம் பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்திலிருந்தே உலகிற்குத் தெரிந்திருக்கிறது. அத்தகைய நிலத்தை ஒரு நார்வேஜியத் திரைப்படம் அழித்துக் காட்டும்போது அழிவது எது என்பதே இங்கு எழும் வினா. ஊரா, காட்சியா?

'பொல்கென்' குறித்த மதிப்புரைகள் பலவும் அதனை ஹாலிவுட் பாணிப் பேரழிவுப் படத்தின் சிக்கனமான, நேர்த்தியான நார்வேஜிய வடிவம் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றன. அம்மதிப்பீடு பிழையன்று, ஆனால் போதாது. பேரழிவுப் படங்களில் நகரங்கள் பொதுவாகப் பின்னணிகள் மட்டுமே. நியூயார்க்கை விட்டு டோக்கியோவை அழித்தாலும் கதை பெரிதும் மாறுவதில்லை. இப்படத்தில் அவ்வாறு இடம் மாற்ற இயலாது. கதையின் ஒவ்வொரு முடிச்சும் அந்நிலத்தின் அமைப்பிலிருந்தும், அந்நிலம் எதற்காக விற்கப்படுகிறது என்பதிலிருந்தும் பிறக்கிறது.

கப்பல் தளத்திலிருந்து தெரியும் நிலம்

சமூகவியலாளர் ஜான் அர்ரி 1990இல் வெளியிட்ட நூலில் 'சுற்றுலாப் பார்வை' என்னும் கருத்தை முன்வைத்தார். பயணி காண்பது தற்செயலானதன்று. எதைக் காணவேண்டும், எங்கு நின்று காணவேண்டும், எதைக் காணாது கடக்கவேண்டும் என்பன யாவும் முன்னரே அமைக்கப்பட்டவை என்பது அதன் சாரம். கெய்ராங்கருக்கு இக்கருத்து மிகையின்றிப் பொருந்தும். கப்பல் நுழைகழிக்குள் வந்ததும் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் பெயர்கள் யாவும் அருவிகளின் பெயர்கள்: 'ஏழு சகோதரியர்', அவர்களுக்கு எதிர்க்கரையில் 'மணம் கேட்போன்', சற்று அப்பால் 'மணப்பெண்ணின் முகத்திரை'. எதிர்க்கரையிலிருந்து ஏழு பெண்களையும் மணம் கேட்டுத் தோற்ற அவன் குடியில் ஆழ்ந்தான் என்றும், அவ்வருவியின் நடுவே தெரியும் புட்டி வடிவம் அதன் அடையாளம் என்றும் வழிகாட்டிகள் கூறுவர். பாறையும் நீரும் ஒரு திருமணக் கதையாகிவிடுகின்றன.

இத்திருமணச் சொல்லாட்சிக்கு ஓவிய மரபு ஒன்று உண்டு. அடோல்ஃப் திதெமான், ஹான்ஸ் குடே ஆகிய இருவரும் இணைந்து 1848இல் வரைந்த 'ஹார்டாங்கரில் மணப்பெண் ஊர்வலம்' நார்வேயின் தேசிய புனைவியல் ஓவியங்களுள் தலையாயது. அமைதியான நுழைகழி நீரில் படகில் மணமக்கள், பின்னே பனிமுடி மலைகள். மாந்தரைத் திதெமானும் நிலத்தைக் குடேயும் வரைந்தனர். இருவரும் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் இயங்கிய காலம் அது. தொலைவிலிருந்து நினைத்துத் தொகுத்த நிலம் ஒரு தேசத்தின் முகமாயிற்று. அதில் நீர் அசைவற்றது. மலை என்றும் அங்கேயே நிற்பது. பொழுது நிரந்தரமான ஒரு கோடை நாள். பின்வந்த சுற்றுலா விளம்பரங்கள் இவ்வோவியத்திலிருந்து படகையும் மாந்தரையும் அகற்றிவிட்டு எஞ்சியதை வைத்துக்கொண்டன என்று கூறினால் அது கடுமையான கூற்றாகாது.

அகற்றப்பட்டவர்களின் சுவடுகள் பாறைமீது இன்றும் உள்ளன. ஏழு சகோதரியர் அருவிக்கு அருகே செங்குத்தான பாறைத் திட்டில் அமைந்த க்னிவ்ஸ்ஃப்ளோ பண்ணை 1898இல் கைவிடப்பட்டது. மேலே தொங்கிய பாறை எந்நேரமும் விழலாம் என்ற அச்சமே காரணம். எதிரே உள்ள ஸ்காகெஃப்ளோ பண்ணை 1916இல் வெறிச்சோடியது. வரி தண்டுவோர் வரும்போது அங்குள்ளோர் ஏணியை மேலே இழுத்துக்கொள்வர் என்றொரு கதை பயணிகளிடம் சொல்லப்படுகிறது, பயணிகள் சிரிக்கின்றனர். 1993இல் மன்னர் ஹரால்டும் அரசி சோனியாவும் தம் மணநாள் வெள்ளிவிழாவை அப்பண்ணையில் கொண்டாடினர். இவ்வாறு மீண்டும் திருமணமே அந்நிலத்தின் பொருளாயிற்று. பாறை விழும் என்று மக்கள் வெளியேறிய இடத்தை எதிர்க்கரையில் வைத்துக்கொண்டு இவ்விழா நடந்தது என்பதை எவரும் குறையாகச் சொல்லப்போவதில்லை. எனினும் காட்சி ஒரு நிலத்தின் நினைவை எவ்வாறு மூடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் முதற்பொருள் என்று கூறுவது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் ஆகும். பொழுதின்றி நிலம் திணையாவதில்லை. இத்தெளிவு தமிழ்க் கவிதையியலின் பெரும்பேறு. நார்வேஜியத் திரைப்படம் ஒன்றைக் குறிஞ்சி என்றோ நெய்தல் என்றோ வகைப்படுத்த முனைவது வீண்வேலை; அத்தகைய கட்டுரைகள் தமிழில் தேவைக்கு மேல் எழுதப்பட்டுவிட்டன. மலையும் கடலும் ஒருங்கே நிற்பதால் இது திணைமயக்கம் என்று கூறி முடித்துவிடுவதும் எளிது. இங்குக் கருவியாகக் கொள்ளப்படுவது வகைப்பாடு அன்று, அதன் அடியிலுள்ள உணர்வே. பொழுதை நீக்கிய நிலம் வெறும் காட்சி என்பதே அவ்வுணர்வு. சுற்றுலாப் பார்வை செய்வது இதனையே.

'பொல்கென்' தன் தொடக்கத்திலேயே பொழுதைத் திரும்பக் கொண்டுவருகிறது. கதை தொடங்குமுன் பழைய ஆவணப்பட வடிவிலான ஒரு முன்னுரைப் பகுதி, அப்பகுதியில் முன்னர் நிகழ்ந்த மலைச்சரிவுகளை நினைவூட்டுகிறது. அவை கற்பனையல்ல. லூயென் ஊருக்கு அருகிலுள்ள ஏரியில் 1905 ஜனவரியில் ராம்னெஃபியெல் மலையின் ஒரு பகுதி சரிந்து விழ, எழுந்த அலையில் 61 பேர் இறந்தனர். 1934 ஏப்ரல் 7 அன்று தாஃபியோர்டில் சரிந்த பாறை, 60 மீட்டருக்கும் மேல் கரையேறிய அலையை எழுப்பி 40 உயிர்களைக் கொண்டுபோனது. 1936 செப்டம்பரில் அதே ராம்னெஃபியெல் மீண்டும் சரிந்தது. இறந்தோர் 74 பேர். மூன்றும் இரவிருளிலோ விடியலுக்கு முன்னோ நிகழ்ந்தவை. மூன்றும் கோடைச் சுற்றுலாக் காலத்திற்கு வெளியே நிகழ்ந்தவை என்பதும் நோக்கத்தக்கது. பயணி காணும் பொழுதும் மலை விழுந்த பொழுதும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

ஆயினும் ஒரு சந்திப்பு உண்டு. லூயென் ஏரியில் பயணிகளைப் பனியாற்றின் அடிவாரத்திற்கு ஏற்றிச்சென்ற 'லோடாலென்' என்னும் சிறு நீராவிக்கப்பலை 1905ஆம் ஆண்டின் அலை தூக்கிக் கரையிலிருந்து வெகுதொலைவு உள்ளே எறிந்தது. அதன் சிதைவு அங்கேயே கிடக்க, 1936ஆம் ஆண்டின் அலை அதனை மேலும் மேலே கொண்டுபோய்ப் போட்டது. மலைச்சரிவில் துருப்பிடித்துக் கிடந்த சுற்றுலாக் கப்பல், இத்திரைப்படத்தின் எந்தக் கணினி வரைகலைக் காட்சியையும் விஞ்சும் படிமம். இயக்குநர் அதனைப் பயன்படுத்தவில்லை. இது ஓர் இழப்பு.

இன்று அச்சுறுத்தும் மலையின் பெயர் ஓக்னெசெட். அது கெய்ராங்கர் நுழைகழியின் வாயிலுக்கு அப்பால், சுன்னில்வ்ஸ்ஃபியோர்டின் மீது நிற்கிறது. அதன் முகட்டில் உள்ள பிளவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிகிறது. ஐந்து கோடிக் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை ஒருங்கே சரியக்கூடும் என்பது அறிவியலாளர் கருதும் மிகப்பெரிய சாத்தியங்களுள் ஒன்று. அலை கெய்ராங்கரை எட்டப் பத்து நிமிடங்கள். அதற்கு அருகிலுள்ள ஹெல்லெசில்ட் ஊருக்கு இன்னும் குறைவு. படத்தின் நாயகன் கிறிஸ்தியான் தன் கைக்கடிகாரத்தில் அப்பத்து நிமிடத்தைப் பதியும் கணமே படத்தின் மையம். அதுவரை கடிகாரமற்று, அஞ்சலட்டை போல் நின்றிருந்த நிலம் அக்கணத்தில் பொழுதைப் பெறுகிறது. இதனை நிகழ்த்த இயக்குநர் எடுத்துக்கொண்ட நிதானம் பாராட்டத்தக்கது. படத்தின் ஏறக்குறைய முதற்பாதி முழுவதும் எதுவும் விழுவதில்லை. நிலத்தடி நீர்மட்டம் குறைகிறது, ஓர் அளவுகருவி செயலிழக்கிறது, கேபிள்கள் அறுந்திருக்கின்றன. மலை மிகச் சிறிய சொற்களில் பேசுகிறது.

இங்குத் திரைப்படம் உண்மையிலிருந்து விலகும் இரண்டு இடங்கள் கருதத்தக்கவை. ஒன்று, கண்காணிப்பு நிலையம் படத்தில் கெய்ராங்கரிலேயே இருக்கிறது. உண்மையில் அது ஸ்த்ரண்டா ஊரில் அமைந்தது. காண்போரும் கண்காணிப்போரும் ஒரே ஊரில் இருந்தாலொழிய நாடகம் கூடாது என்பதால் இம்மாற்றம் ஏற்கத்தக்கதே. மற்றொன்று சற்றுப் பெரிது. மலை பெயரும் முன் அதன் நகர்வு நாட்கணக்கில் விரைவுபெறும், அவ்விடைவெளியில் மக்களை வெளியேற்றலாம் என்னும் எதிர்பார்ப்பின்மீதே மெய்யான எச்சரிக்கை முறை கட்டப்பட்டுள்ளது. திரைப்படமோ பல நாட்களைச் சில மணிநேரங்களாகச் சுருக்குகிறது. இதனைப் பிழை என்று பட்டியலிடுவதைவிட விளைவைக் காண்பதே பயன் தரும். மெய்யான முறையில் நெருக்கடி என்பது 'எப்போது வெளியேறுவது, எத்தனை நாள் வெளியே இருப்பது, மலை விழாமற்போனால் யார் பொறுப்பு' என்னும் சலிப்பூட்டும் நீண்ட கேள்வி. திரைப்படத்தில் அது ஓட்டமாகிவிடுகிறது. மலையின் பொழுதை மீட்ட படம், மனிதர் அதனோடு வாழும் பொழுதைச் சுருக்கிவிட்டது.

பருவம் என்னும் சொல்

கிறிஸ்தியானின் எச்சரிக்கையை நிலையத் தலைவர் ஆர்விட் முழுமையாக ஏற்க மறுக்கும்போது அவர் கூறும் காரணம் சுற்றுலாப் பருவம். தவறான எச்சரிக்கை ஒலித்தால் பருவம் கெடும். கண்காணிப்பை ஒரு படி உயர்த்த இசைகிறார். ஊரைக் காலிசெய்ய இசைவதில்லை. பேரழிவுப் படங்களில் இம்முடிச்சு பழகியதே. 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' திரைப்படத்தில் கடற்கரையை மூட மறுக்கும் நகரத்தலைவர் உடனே நினைவுக்கு வருவார்.

ஆனால் நார்வேயில் இம்முடிச்சின் மூதாதை ஹாலிவுட் அன்று. இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகம் 1882இல் வெளிவந்தது. ஓர் ஊரின் நீராடல் விடுதிகளை நம்பி வெளியூரார் வருகின்றனர்; அந்நீர் நஞ்சாகியிருப்பதை மருத்துவர் ஸ்டொக்மான் கண்டறிகிறார்; அவர்தம் சொந்தச் சகோதரரான நகரத்தலைவரே அதனை மறைக்க முனைகிறார். சத்யஜித் ராய் 1989இல் 'கணசத்ரு' என்னும் பெயரில் அந்நாடகத்தை வங்கத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் தீர்த்தத்தின்மீது ஏற்றிப் படமாக்கியதை இந்தியப் பார்வையாளர் அறிவர். வருவோரை நம்பி வாழும் ஊரில் உண்மை சொல்பவன் பகைவனாகிறான் என்னும் கரு இவ்விரண்டிலும் முழு வீச்சுடன் செயல்படுகிறது.

இப்சனோடு ஒப்பிடும்போது 'பொல்கென்' பின்வாங்குவது புலனாகும். ஆர்விட் தீயவர் அல்லர். கருவிகளைத் தாமே சரிபார்க்கப் பிளவுக்குள் இறங்குகிறார். அவர் உள்ளிருக்கும்போதே மலை நகரத் தொடங்குகிறது. அவரை இரக்கத்துடன் படைத்தது நன்று. ஆனால் அவ்விரக்கத்தின் விலையாக 'பருவம்' என்னும் சொல் ஒரு வசனத்துடன் மறைந்துவிடுகிறது. விடுதி உரிமையாளர், துறைமுகம், கப்பல் நிறுவனம், உள்ளாட்சி ஆகிய எவரும் கதைக்குள் வருவதில்லை. எச்சரிக்கை ஒலித்தால் எவருக்கு எவ்வளவு இழப்பு என்பது கேட்கப்படுவதில்லை. பழந்தமிழ்ப் பெரும்பொழுது வெயில், மழை, பனி ஆகியவற்றால் அளக்கப்பட்டது. கெய்ராங்கரின் பெரும்பொழுதோ வருகைப் பட்டியலால் அளக்கப்படுவது. இந்த இரண்டாம் வகைப் பொழுதே முதல் வகைப் பொழுதின் எச்சரிக்கையை அடக்குகிறது என்னும் கூர்மையான கருத்தைத் தொட்டுவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது.

கிறிஸ்தியான் அவ்வூரை விட்டுச் செல்வது ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்த்துறை வேலைக்காக என்பதும் இவ்வாறே வீணாகிறது. பாறையின் அசைவைக் கேட்கப் பயின்ற ஒருவர், பாறைக்குள்ளிருந்து செல்வம் எடுக்கும் பணிக்கு மாறுகிறார். நார்வேயின் ஐம்பது ஆண்டுப் பொருளாதார வரலாறு அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. அவர் மனைவியோ விடுதிப் பணியாளர். எண்ணெயும் சுற்றுலாவும் ஒரே குடும்பத்தில் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. கதையாசிரியர்கள் இதனை அறிந்தே அமைத்திருக்கவேண்டும். அறிந்தும் அதனை இடமாற்றச் சோகமாக மட்டுமே பயன்படுத்தினர்.

விருந்தினரும் அலையும்

படத்தின் மிக முக்கியமான காட்சியில் அலை இல்லை. அலை வந்து கடந்தபின், விடுதியின் நிலவறைக் காப்பறையில் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நிகழ்கிறது அது. கிறிஸ்தியானின் மனைவி இடுன், மகன் சோந்த்ரே, பிலிப் என்னும் டேனிஷ் பயணி ஆகிய மூவரும் அதற்குள் அகப்பட்டிருக்கின்றனர். பிலிப்பின் மனைவி அலையில் போய்விட்டாள். மகனைத் தேடிய இடுனுக்கு உதவிநின்றதாலேயே அத்தம்பதியர் வெளியேறும் பேருந்தைத் தவறவிட்டனர். நீர் கூரையை நெருங்கும்போது பிலிப் நிலைகுலைந்து, எஞ்சிய காற்றுக்காகச் சோந்த்ரேயை நீருக்குள் அழுத்துகிறான். இடுன் அவனைப் பற்றி நீருக்குள் மூழ்கடித்துக் கொல்கிறாள்.

பெரும்பான்மையான பார்வையாளர் இதனைத் தாயன்பின் உச்சமாகக் காண்பர். அது அவ்வாறே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவள் தாய் மட்டுமல்லள். அவ்விடுதியின் வரவேற்புப் பணியில் நிற்பவள். கொல்லப்பட்டவன் பகைவன் அல்லன், விருந்தினன். அதுவும் அவள் மகனுக்காகத் தன் உயிர்வாய்ப்பை இழந்த விருந்தினன். விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக வகுத்த இலக்கியத்தில் பழகிய வாசகருக்கு இக்காட்சி எளிதில் செரிக்கத்தக்கதன்று. சுற்றுலாத் தொழில் விருந்தோம்பலை ஊதியப் பணியாக்குகிறது. வருவோர் அனைவரும் விருந்தினர் என்று அழைக்கப்படுகின்றனர். அச்சொல்லின் பழைய கடப்பாடு எங்கோ அடியில் உறங்குகிறது. நீர் கூரையைத் தொடும்போது அக்கடப்பாடும் ஊதிய ஒப்பந்தமும் ஒருங்கே முடிவுறுகின்றன. உள்ளூராருக்கும் வந்தவருக்கும் இடையே எஞ்சுவது மூச்சுக்காற்று மட்டுமே.

இதனைவிடக் கடுமையான சுற்றுலா விமரிசனம் எந்த ஆவணப்படத்திலும் கூடியிருக்காது. அதனாலேயே அதன்பின் நிகழும் மௌனம் ஏமாற்றமளிக்கிறது. இடுன் செய்தது பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் இல்லை. பிலிப்பின் பெயர் மீண்டும் எழுவதில்லை. குடும்பம் ஒன்றுசேர்கிறது, நாயகன் நீரில் மூச்சற்றுப்போய்ப் பின் உயிர்பெறுகிறான். பேரழிவுப் படத்தின் இன்பம், அழிவைக் காண்பதன் இன்பமே என்று சூசன் சான்டாக் 1965இல் அறிவியற்புனைவுத் திரைப்படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் சுட்டினார். இக்காட்சியில் அவ்வின்பம் இல்லை, உறுத்தலே உள்ளது. அவ்வுறுத்தலைத் தொடர்ந்து சுமக்கும் துணிவு கதைக்கு இல்லாமற்போயிற்று. பிலிப்பை அயல்நாட்டவனாகப் படைத்ததும் எளிய வழியே. அவன் ஓஸ்லோவிலிருந்து வந்தவனாக இருந்திருப்பின் நார்வேஜியப் பார்வையாளர் இவ்வளவு எளிதில் அவனை மறந்திருக்க இயலாது.

விருந்தினரை ஏற்றிச்சென்ற பேருந்தின் நிலையும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. அதில் இருந்தோருக்கு முகங்கள் இல்லை. கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் ஊர் மக்களுக்கு முகமில்லை. மலையடிவாரத்திலிருந்து பார்த்தால் பயணிகளுக்கு முகமில்லை. இச்சமன்பாட்டைப் படம் தெரிந்து அமைத்ததா என்பது ஐயத்திற்குரியது.

இல்லாத கப்பல்

கெய்ராங்கர் என்றவுடன் உலகம் நினைப்பது உல்லாசக் கப்பல். அக்கப்பலுக்கு இக்கதைப்போக்கில் இடமில்லை. ஊரைக் கடக்க உதவும் படகுத்துறை உண்டு. அங்கு வரிசையில் காத்திருக்கும்போதே கிறிஸ்தியானுக்கு மலையின் குறிப்பு விளங்குகிறது. பல்லாயிரவரைச் சுமந்த பெருங்கப்பல் ஒன்று குறுகிய நீர்ப்பரப்பில் அலையை எதிர்கொள்வதைக் காட்டும் ஆசை எந்தத் தயாரிப்பாளருக்கும் எழுந்திருக்கும். செலவு தடுத்திருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு இருமுகமானது. ஒருபுறம், படம் ஊரின் அளவிலேயே நிற்கிறது. துன்பம் ஒரு தெருவின், ஒரு விடுதியின் அளவை மீறுவதில்லை. இது அதன் வலிமை. மறுபுறம், அந்நிலத்தின் உண்மையான முரண் கண்ணுக்குப் புலப்படாமற்போகிறது.

அம்முரண் திரைக்கு வெளியே வேறு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது. மலைச்சுவர்களுக்கிடையே கப்பல் புகை தேங்கி நிற்பது நீண்டநாள் முறையீடு. உலகப் பாரம்பரிய நுழைகழிகளில் பயணிக் கப்பல்களும் படகுகளும் மாசு வெளியிடாமல் இயங்கவேண்டும், அதனை 2026க்குள் நிறைவேற்றவேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் 2018இல் தீர்மானித்தது. பின்னர் அரசு வகுத்த விதி 10,000 மொத்த டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதல் நாளையும், அதனினும் பெரியவற்றுக்கு 2032ஐயும் எல்லையாக்கியது. புகைக்கும் பெருங்கப்பல்களுக்கே கூடுதல் ஆண்டுகள். இங்கும் ஒரு பொழுது மற்றொரு பொழுதுக்காக ஒத்திவைக்கப்படுகிறது. ஆர்விட்டின் குரல் திரைப்படத்தோடு முடிந்துவிடவில்லை.

இயக்குநரின் காமிராவும் இம்முரணிலிருந்து விலகி நிற்கவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். தொடக்கப் பகுதியின் வான்வழிக் காட்சிகள், பச்சை மலைகளின்மீது மிதக்கும் மேகங்கள், நீரில் விழும் ஒளி ஆகியன யாவும் சுற்றுலா விளம்பரத்தில் அப்படியே ஒட்டத்தக்கவை. அழிக்கப்போவதன் அழகை முதலில் நிறுவுவது பேரழிவுப் படத்தின் இலக்கணம் என்று விடை கூறலாம். ஆனால் அந்த அழகு எவர் கண்ணால் நிறுவப்படுகிறது என்பதே வினா. பண்ணையில் வாழ்ந்தவர் மலையை மேலிருந்து கண்டதில்லை; அவர்கள் அதனைக் கீழிருந்து, தம் தலைக்கு மேலே தொங்கும் பொருளாகக் கண்டனர். க்னிவ்ஸ்ஃப்ளோவை விட்டு வெளியேறியோரின் பார்வைக்கோணம் அது. படத்தில் அக்கோணம் ஓரிடத்தில் மட்டும் அமைகிறது. எச்சரிக்கை ஒலித்தபின், சாலையில் தேங்கிய வாகனங்களுக்கிடையே நின்று மக்கள் திரும்பிப் பார்க்கும்போது, நுழைகழியின் வளைவுக்கு அப்பாலிருந்து நீரின் கருஞ்சுவர் எழுந்து வருகிறது. நிலக்காட்சியைக் காண வந்தவர்களும் நிலத்தில் வாழ்ந்தவர்களும் முதன்முறையாக ஒரே திசையை ஒரே உணர்வோடு பார்க்கும் தருணம் அது. ஓடுவதற்கு மேலேறும் வளைவுச் சாலை ஒன்றே உண்டு. ஊருக்கு ஆண்டு முழுவதும் வழிதந்த கழுகுச்சாலை 1955இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், அதற்கு முன் இவ்வூரார்க்கு அலை வந்திருப்பின் எஞ்சியிருக்கக்கூடிய வழிகள் எவை என்ற எண்ணம் எழும்.

மலை இன்னும் விழவில்லை

படம் முடியும்போது திரையில் வரும் எழுத்துகள், ஓக்னெசெட் ஒருநாள் சரியும் என்பதையும் எந்நாள் என்பது தெரியாது என்பதையும் அறிவிக்கின்றன. உண்மைக் கதைகளைத் தழுவிய படங்கள் வழக்கமாகத் தம் இறுதி எழுத்துகளில் 'பின்னர் என்ன ஆயிற்று' என்று கூறும். இங்கு அவ்விறந்தகாலம் கிடையாது. நிகழாத ஒன்றின் நினைவுப்படமாக 'பொல்கென்' நிற்கிறது. 88ஆவது ஆஸ்கார் விருதுகளுக்கு நார்வே இதனையே தன் படமாக அனுப்பியது. இறுதிப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. தன் நிலத்தின் புகழ்மிக்க அஞ்சலட்டையைத் தானே கிழித்துக் காட்டும் படத்தை ஒரு நாடு தன் பிரதிநிதியாக அனுப்பியதில் ஒரு தன்னம்பிக்கை இருக்கிறது. கிழிந்த அஞ்சலட்டையும் விற்பனைக்கு உரியதே என்ற கணக்கும் அதில் இருக்கலாம்.

2018இல் ஜான் ஆண்ட்ரியாஸ் ஆண்டர்சன் இயக்கத்தில் இதன் தொடர்ச்சியாக 'ஷெல்வெட்' (நிலநடுக்கம்) வெளிவந்தது. அதில் கிறிஸ்தியான் குடும்பத்தைப் பிரிந்து கெய்ராங்கரில் தனியே வாழ்கிறான். காப்பாற்ற இயலாதவர்களின் நினைவு அவனை விடுவதில்லை. முதற்படம் பேசாது விட்ட குற்றவுணர்வு இங்கு ஒருவாறு பேசப்படுகிறது. ஆனால் பேசுவது அவன், இடுன் அல்லள். நிலவறையில் நடந்ததை அறிந்தவள் இப்போது ஓஸ்லோவில் வேறொரு வேலையில் இருக்கிறாள். சிறிது நேரத்தில் கதையும் அவளைப் பின்தொடர்ந்து தலைநகரின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போய்விடுகிறது.